ஒரு பெட்டியில் ஒரு பெயர்

கப்பலில் நான் ஏறியதே இல்லை.
துறைமுகப் படகில்கூடப்
பத்து நிமிடத்தில் குமட்டும் எனக்கு.
பெர்கனில் மூன்றாம் மாடி, மழை வழியும் ஜன்னல்,
சுவரை அடைத்த ஆண்டு அட்டவணை.
அதில்தான் என் கடல்.

கப்பல் எங்கள் நாட்டுடையது.
கொடியும் டீசலும் எங்கள் வரிப்பணம்.
நாட்கள் மட்டும் எல்லோருக்கும்
என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் மேலே யாரோ.
கீழே, கலர் பென்சிலோடு, நான்.

ஆகஸ்டில் நூற்றுப் பதினொரு நாள் கேட்டிருந்தார்கள்.
ஆகஸ்டிடம் இருப்பதோ முப்பத்தொன்று.

தார்த்துவிலிருந்து மாரிகா லெப்பிக்:
எங்களிடம் இவ்வளவு ஆழம் போகும் கப்பல் இல்லை,
நான்கு நாள் போதும், சேறு வேண்டும்.
மற்றவர்கள் நாற்பது பக்கம் எழுதியிருந்தார்கள்.
அவருக்கு மிஞ்சியது அக்டோபர்.
பச்சை.
அடுத்த நான்கு, அசோர்ஸ் தீவின் எவரிஸ்து காமராவுக்கு,
கடலடி மண்ணுக்குக் காய்ச்சல் பார்க்கிறவர்.
மஞ்சள்.
நடுவில் ஒரு கோடு,
ஸ்கேல் வைத்துப் போட்டது.

பிறகு புயல்.
லோஃபோடனுக்கு மேற்கே ஐந்து நாள்
மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து நின்றது கப்பல்.
பச்சை முழுவதும் போயிற்று, மஞ்சளில் ஒன்றும்.
புயலுக்கென்று பென்சில் இல்லை என்னிடம்,
ரப்பர் இருக்கிறது.

விதிப்புத்தகம், பதினேழாம் பக்கம்:
வானிலை இழப்பு அவரவர் பாடு.
இரவெல்லாம் அந்த ஒரு வரி.
விடிந்ததும் மாரிகாவுக்கு எழுதத் தொடங்கினேன்,
வருந்துகிறோம் என்று.

அனுப்புவதற்குள் வந்தது
வின்ச் இயக்கும் ஊட்வார் தட்டிய செய்தி,
முற்றுப்புள்ளி இல்லாமல்:
அந்தப் பெண்ணின் குழாயில்
அந்த ஆளின் வெப்பமானிகளைக் கட்டிவிட்டோம்
ஒரே கம்பி ஒரே இறக்கம்

வெப்பம் பதிய எட்டு நிமிடம்
குழாய் அடியில் அசையாமல் நிற்க வேண்டும்.
நின்றால் சேறு இறுகும்,
பிடுங்கும்போது கம்பி அறுபடலாம்,
அறுந்தால் குழாய் மாரிகாவுடையது.
நிற்கட்டும் என்றாராம்.

அந்த எட்டு நிமிடமும்
சமையல்காரர் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவைத்தாராம்.
இரண்டாயிரம் மீட்டர் கீழே
அதெல்லாம் கேட்காது.
இருந்தாலும்.

வந்தது.
இரண்டே முக்கால் மீட்டர், சாம்பல் நிறம்,
நடுவில் ஒரு விரல் அகலக் கறுப்பு.
அந்தக் கறுப்பு என்னவென்று இருவருக்கும் தெரியவில்லை,
அதில் இருவருக்குமே ஏக மகிழ்ச்சி.

இப்போது ஆண்டுக் கணக்கு முடிக்கிறேன்.
அந்த மூன்று நாள் யாருடையவை?
சுவரில் கோட்டை அழித்து
மஞ்சளின் மேல் பச்சையைத் தேய்த்தேன்,
சேற்று நிறத்தில் வந்தது.
கணினிப் படிவம்தான் ஒப்பவில்லை.
ஒரு பெட்டியில் ஒரு பெயர்,
இரண்டு போட்டால் சிவக்கிறது.
மூன்று முறை சிவந்தது.

ஊட்வார் என்று போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.