இரவில் இறைத்தது யார்

பங்குனி முடியக் கிணறு உவர்த்தது.
நாற்பது நிமிடம் ஓடினால் மோட்டர்
காற்றைக் குடித்துக் கனைக்கிறது.
ஆறு பரப்பு வெங்காயம்.
ஒன்றுவிட்டொரு நாள் இறைத்தவன்
நாலு நாளுக்கு ஒருக்கால் என்று கணக்கை மாற்றினேன்.
காலை பத்துக்கே தாள்கள் மடிந்து
பாத்தியில் படுத்துவிடும்.

வேலியோரம் மூன்று வரிசை மட்டும் படுக்கவில்லை.

இரண்டு மணி வெயில்,
செம்பாட்டு மண் செருப்பை இளக்குகிற நேரம்,
அந்த மூன்று வரிசையும்
பெயர் கூப்பிட்ட பிள்ளைகள்போல் எழும்பி நிற்கின்றன.

யாரோ இரவில் வந்து இறைக்கிறான்.
தண்ணீர் களவெடுப்பவனை அறிவேன்.
கொண்டுவந்து ஊற்றுகிற கள்ளனை
வசாவிளான் கண்டதில்லை.

டோர்ச்சும் போத்தல் தேத்தண்ணீருமாய்
இரண்டு இரவு காவல் கிடந்தேன்.
முள்ளுக்கம்பிக்கு அப்பால் காவலரணில்
ஒரு சிகரெட் நெருப்பு. அவனும் விழித்திருந்தான்.
முயல் ஒன்று கம்பிக்குக் கீழால் வந்தது,
இருவரையும் பார்த்தது, திரும்பிப் போனது.
வாளிச் சத்தம் இல்லை.
விடிய, மண் எல்லா இடமும் ஒரேமாதிரிக் காய்ந்திருந்தது.

இரண்டு செடியைச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு
பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குப் போனேன்.
கிருபாலினி வேரைக் கழுவி அவித்தாள்.
கூட்டுறவுக் கடை வினாகிரியில்
பேனை மை பத்துச் சொட்டு.
கீறல் விழுந்த லென்ஸ். "பாருங்கோ."

வேரின் அறைதோறும்
குட்டி குட்டியாய் நீல மரங்கள்.
வெளியே நூல்.
தலைமயிரை நீளவாக்கில் இருபதாய்க் கிழித்தால் வரும் மெல்லிசு.

பங்கசு என்றாள்.
பங்கசுக்கு மருந்தடித்தே முதுகு வளைந்தவன் நான்.
"இது வேறை."

வெங்காய வேர் மொட்டைக் கயிறு,
கிளையும் இல்லை, மயிரும் இல்லை.
சுண்ணாம்புக்கல்லின் துளைக்குள்
ஒளிந்து கிடக்கும் ஈரம் அதற்கு எட்டாது.
நூலுக்கு எட்டும்.
எடுத்துவந்து வாசலில் வைக்கும்.
சும்மா இல்லை: இலை சமைத்த சீனியில்
நாள் தவறாமல் கூலி கறந்துவிடும்.
பொஸ்பேற்றைக் கொட்டினால் செடி கதவைச் சாத்தும்.
ஆழ உழுதால் நூல் அறும்.
"இரண்டையும் நீங்கள் ஒழுங்காய்ச் செய்திருக்கிறீங்கள்"
என்றாள், முகத்தில் சிரிப்பில்லாமல்.

வேலியோரம் உழவுமெசின் திரும்ப இடமில்லை.
உரப்பையும் அதுவரைக்கும் காணவில்லை.
சரி.
ஆனால் அது எங்கிருந்து வந்தது?

கம்பிக்கு அப்பால் முப்பது வருடமாய் உழாத மண்.
நாயுருவி, ஈச்சம் பற்றை, இலந்தை.
அதில் ஏழு பரப்பு என்னுடையது.
நல்ல தண்ணீர்க் கிணறும் அதில்தான்.
காணி விட்டபோது
கோடு என் வளவுக்கு நடுவால் போனது.
கச்சேரிக்கு எட்டுக் கடிதம் எழுதினேன்.
பரிசீலனையில் இருக்கிறதாம்.

இது கடிதம் எழுதவில்லை.
பாஸ் எடுக்கவில்லை, அடையாள அட்டை நீட்டவில்லை.
கொங்கிறீற்றுத் தூணுக்குக் கீழால்
மெல்ல வந்திருக்கிறது.

அப்ப என்ர கிணற்றுத் தண்ணியோ, என்று கேட்டேன்.
"இல்லை. நூல் ஒரு சாணுக்கு மேல் போகாது.
கிணறு எண்பது யார் தள்ளி."
கணக்குச் சரிதான்.

விளைச்சலும் பெரிதில்லை.
மூன்று வரிசைக்கும் பதினொரு கிலோ,
சுண்டுவிரல் நுனிப் பருமன்.
மற்றதை மாட்டுக்கு அவிழ்த்துவிட்டேன்.

அன்றிரவு உறுதியை எடுத்து விரித்தேன்.
நொத்தாரிசின் நீல எழுத்து:
வடக்கெல்லை, கிழக்கெல்லை,
*கிணறும் நீர்வாரமும் வழிவாய்க்காலும் உட்பட.*
மடிப்போரத்தில் சாம்பலாய்ப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

துடைத்தேன்.
இது வேறை.