இரண்டு தலை வயர்

ஒட்டுசுட்டான் சந்தியில் என் கடை.
ஒருபக்கம் பஞ்சர் ஒட்டுகிறவர், மறுபக்கம் உரக்கடை,
நடுவில் நான், போட்டோக்கொப்பியும் ரீலோடும்.

காலை பத்தரைக்குச் சந்திரவதனி வந்தா,
இடதுகரைக் கமக்காரர் அமைப்பின் செயலாளர்.
ஒரு கையில் திட்டத்தில் கிடைத்த புது லப்ரொப்,
ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை.
மறுகையில் பால்மாப் பேணி.
பேணிக்குள் பொலித்தீன், அதற்குள் இன்னொரு பொலித்தீன்,
அதற்குள் துணி,
துணிக்குள் எண்பது ஜீபி.

"உதில ஒரு லிஸ்ட் கிடக்கு.
நாலாம் வாய்க்காலில ஆருக்கு எத்தினை ஏக்கர் எண்டு.
நாளைக்குக் கூட்டம்.
தியாகரும் விடுறாரில்லை, மருமோனும் விடுறானில்லை."

பழைய பெட்டியின் வயருக்கு இரண்டு தலை:
ஒன்று கதைக்க, ஒன்று குடிக்க.
புது மெசினுக்கோ சம்பா நெல் நுழைகிற அளவு வாய்,
அதுவும் இரண்டே இரண்டு,
ஒன்றில் சார்ஜர்.

மாற்றி ஒன்றைப் போட்டு ஒரு தலையை மட்டும் சொருகினேன்.
டக்.
டக்.
இந்தத் தொழிலில் நான் பயப்படுகிற சத்தம்.
சாகிறதா, பசிக்கிறதா என்று
அந்தச் சத்தத்தை வைத்துச் சொல்லேலாது.

பிறகு திரை கேட்டது, நல்ல மரியாதையாய்:
பாவிக்க முன்னர் இதை அழித்து ஒழுங்குபடுத்த வேண்டும், செய்யவா?
"ஓம் எண்டு அமத்தட்டோ?"
பாதி வழியில் அந்த விரலை எட்டிப் பிடித்துவிட்டேன்.
முன்பின் தெரியாத பொம்பிளையின் விரல்.
வெளியே பஞ்சர்க்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கறண்டில் ஓடுகிற ஹப் ஒன்று மேல்தட்டில் கிடந்தது,
யாரோ கேட்டுவிட்டு எடுக்க வராதது.
தூசி தட்டி, இரண்டு தலையையும் அதில் கொடுத்தேன்.
தண்ணிப் பம் காற்றைத் துப்பித் துப்பி
சட்டென்று தண்ணி பிடிக்குமே, அப்படி ஒரு இழுவை,
சுழன்றது.

மெசின் அதற்கு ஈ என்று பெயர் வைத்தது.
பொருத்தம்தான், பச்சை லைற் இருக்கவில்லை ஓரிடத்தில்.

உள்ளே 'புதியது'.
அதற்குள் 'புதியது இரண்டு'.
அதற்குள் 'கடைசி'.
அதற்குள் 'கடைசி, திருத்தியது', ஆவணி இரண்டாயிரத்து எட்டு.
திறந்தால் தமிழில்லை.
ஆங்கில எழுத்து, சின்னதும் பெரிதும் கலந்து,
சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி.

"பழுதாப் போச்சோ?"
இல்லை, எழுத்துரு பழையது.
அந்த நாளில் மெய்க்குப் புள்ளி வைக்க
அரைப்புள்ளியைத்தான் தட்டினார்கள்.
னகர மெய்யில், மகர மெய்யில் முடிகிற ஆம்பிளைப் பெயரெல்லாம்
அரைப்புள்ளியில் நிற்கும்.
நூற்றுப்பன்னிரண்டு வரி, அப்படித்தான் நின்றது.

நான் எழுத்துரு தேடிக்கொண்டிருக்க
அவ கண்ணாடியைத் தொடாமல் விரலை இறக்கி
ஒரு வரியில் நிறுத்தினா.
"இது எங்கட ஆள்."
வாசிக்கேலாதே அக்கா, எப்படித் தெரியும்?
"ஒண்டே முக்கால் ஏக்கர்.
அந்தக் கால் ஏக்கருக்கு மூண்டு கூட்டம் சண்டை பிடிச்சவர்."

எழுத்துரு ஏறியது. திரை ஒருமுறை உதறி
தமிழாய் வந்தது.
அவ அந்த வரியைத் திரும்பப் பார்க்கவில்லை.
நேரே நாலாம் வாய்க்கால்.
தியாகர், இரண்டு ஏக்கர். மருமகன் பெயரே இல்லை.
"பாத்தியளோ! கிழவன் பொய் சொல்லேல்லை."
மேசையில் ஒரு தட்டு.

மிச்சத்தையும் புதுசில் போடட்டோ என்றேன்.
உரக்கடைப் பக்கம் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றா.
"லிஸ்டை மட்டும் போடுங்கோ.
அது அதிலயே கிடக்கட்டும்."

பில் எழுதினேன்.
ஹப் ஒன்று. வயர் ஒன்று.
எழுத்துரு ஒன்று என்று எழுதிவிட்டு
என்ன விலை போடுவதென்று தெரியாமல் ஒரு கோடு.
"உதுக்குக் காசில்லையோ?"
இல்லை.

துணி, பொலித்தீன், பொலித்தீன், பேணி.
வயரையும் உள்ளுக்க வையுங்கோ, பிறகு தேடித் திரியேலாது என்றா.
வைத்தேன்.
மூடி மூடவில்லை,
ஒரு தலை வெளியே.