வெற்று உறை

ஹட்டன் தியேட்டரில் கேலரி டிக்கட்.
நானும் சவரிமுத்துவும் வெடிகளை எண்ணுவோம்.
குதிரைக்காரன் ஒருமுறைகூட நிரப்பாமல்
இருபத்தேழு சுட்டான்.
ஒற்றைக் கையில் சுழற்றினால்
லீவர் தானாகவே விழுந்து ஏறும்.
செத்தவர்கள் கூரையிலிருந்து அழகாக விழுவார்கள்.
விசிலடித்தே எனக்கு உதடு வெடித்தது.

சின்னத்துரை பங்களாவில் அதே மாதிரி ஒன்று,
பித்தளை வயிறு, கைபட்டுக் கறுத்த கட்டை.
எண்ணெய் போடுவது என் வேலை.
துரை கொழும்புக்குப் போன நாள்களில்
வெறுமனே இறக்கி ஏற்றுவேன்:
சளக்.
அதைவிட நல்ல சத்தம்
இன்றுவரை கேட்டதில்லை, பொய் சொல்லமாட்டேன்.

ஆறாம் நம்பர் மலைக்குக் கீழே
மரக்கறிப் பாத்திகளில் பன்றி இறங்கியது.
துரைக்குக் காய்ச்சல். "நீ போ" என்றார்,
ஒரேயொரு தோட்டாவைக் கையில் வைத்து.

சுட்டேன்.
தோள் கழன்றது. காதுக்குள் வண்டு.
பழக்கத்தில் லீவரை இழுத்தேன், சளக்,
உறை இருட்டுக்குள் பறந்தது.
பன்றி விழவில்லை.
பிள்ளை மாதிரிக் கத்திக்கொண்டே ஓடியது,
வண்டையும் மீறி அது கேட்டது.

கீழே லயத்தில்
விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.
சவரிமுத்துவின் மனைவி
பிள்ளைகளைக் கட்டிலடியில் தள்ளினாளாம்,
எண்பத்துமூன்றில் அவளைத் தள்ளிய மாதிரியே.

விடியும்வரை தேயிலைத் தூருக்குள் தடவினேன்.
வெற்று உறையை ஒப்படைக்கவேண்டும்.
துரை புத்தகத்தை விரித்தார்.
சுட்டது: ஒன்று.
விழுந்தது என்ற இடத்தில்
பேனாவைத் தூக்கியபடி
என் முகத்தைப் பார்த்தார்.