ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஏடு

எங்கள் பக்கத்தில் பாதை என்றால்
தண்ணீரில் மிதப்பது.
மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் நடுவில்
ஒரு இரும்புத் தட்டு.
ஆட்டோ ஏறும், மாடு ஏறும்,
மணப்பெண் ஏறியதையும் பார்த்திருக்கிறேன்.
வெள்ளிக்கிழமைகளில்
நானும் என் தயிர் முட்டியும்.

வேலை முடிந்து வெளியே வந்தால்
ஆஸ்பத்திரி மதிலோரம்
முட்டியோடு நிற்பார் கதிராமத்தம்பி அண்ணன்.
அவருடைய எருமைகளுக்கெல்லாம் பெயர் உண்டு.
ஒன்றுக்கு என் பெயர்.
"கோவிக்காதீங்க மிஸ்ஸி,
அதுதான் கூடப் பால் தருது."

தயிர் முட்டி கொண்டுபோவதற்கு
ஒரு கை பழக வேண்டும். கை அல்ல, கால்.
ஸ்கூட்டியில் இரண்டு பாதத்துக்கும் நடுவில்
பழைய துவாயைச் சுருட்டி வைத்து
அதன்மேல் இருத்த வேண்டும்.
பிறகு வேகம் என் பொறுப்பில் இல்லை.
இருபதைத் தாண்டினால் தயிர் தண்ணீர் விடும்.
பள்ளம் கண்டால்
பிள்ளைத்தாச்சியை ஏற்றியதுபோல் இறங்கி ஏறுவேன்.
சைக்கிள்கள் என்னை முந்துகின்றன.
முந்தட்டும்.
முந்துகிறவர்களுக்குத் தெரியுமா
வெல்லாவெளி றோட்டில் எந்த வீட்டில்
இப்போது கருவாடு பொரிகிறது,
எந்த வீட்டில் சொதிக்கு வெந்தயம் கருகிவிட்டது என்று?

இன்றைக்குப் பாதையில் சனம் கூட.
மருதமுனைச் சாரங்களைப் பின்னால் அடுக்கிக் கட்டிய
லாபிர் காக்காவின் மோட்டார் சைக்கிள்.
களுவாஞ்சிகுடிக்கு டியூஷன் போகும் பெடியன் ஒருவன்.
கதலிக் குலையோடு ஒரு தம்பதி,
ஏதோ கோபம், பேசிக்கொள்ளவில்லை.
ஒரு வாளி நண்டோடு பாக்கியவதி அக்கா.

நடு ஆற்றில் வாளி சரிந்தது.

ஏழெட்டு இருக்கும்.
ஒன்று சாரக்கட்டுக்குள் புகுந்தது,
புதுச்சாரம், விலை ஒட்டியபடியே.
ஒன்று பெடியனின் சப்பாத்து நாடாவைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்றது.
பாதைக்காரர் எஞ்சினைத் தணித்துவிட்டு
இரண்டு காலையும் வாங்கில் தூக்கி வைத்தார்.
பேசாமல் இருந்த தம்பதி
ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கத்தினார்கள்.
நான் அசையவில்லை.
நண்டு கடித்த விரல் ஆறும்,
முட்டி உடைந்தால்?

"மறுகா என்ன, புடிச்ச ஆளுக்கே நண்டு"
என்றா பாக்கியவதி அக்கா, சிரித்துக்கொண்டே,
வாளியை நிமிர்த்தினபடி.
ஒன்று விளிம்பால் விழுந்து ஆற்றோடு போனது.
"அது குடுத்து வச்சது."

அந்தச் சிரிப்பில்தான் லாபிர் காக்கா கேட்டார்:
"மிஸ்ஸி, அந்த முட்டியத் திறந்தா என்ன?"
திறந்தேன்.
கதலிப்பழம் தானாக வந்தது.
கரண்டிதான் இல்லை.
பெடியன் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தான்,
சட்டையில் துடைத்தான்,
தயிருக்குள் நிமிர்த்தி இறக்கிப் பார்த்து
"ஏடு ஒன்றரைச் சென்ரிமீற்றர்" என்று
பரீட்சைப் பதில்போலச் சொன்னான்.
உள்ளங்கையில் வெட்டி வெட்டி வைத்தான்.
பழத்தைப் பிசைந்து நக்கிச் சாப்பிட்டோம்,
குருமண்வெளிக் கரை
கொஞ்சம் மெதுவாகவே வரட்டும் என்று.

களுதாவளையில் வீட்டுக்காரர் முட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.
"மிச்சப் பாதி எங்க?"
"பாதையில போயிற்று" என்றேன்.
நம்பவில்லை. பையில் மூன்று நண்டைக் கண்டதும்
நம்பிவிட்டார்.
இப்போது குசினியில் அவர்தான்.
பெருஞ்சீரகம் இடிக்கிற சத்தம்.
தலைப்பால் கடைசியில், முருங்கையிலை அதற்கும் பிறகு,
உப்பு பார்க்க என்னைக் கூப்பிடுவார்,
நான் சொல்வதைக் கேட்கமாட்டார்.
நண்டாணத்துக்கு மேல் தயிர் கூடாதாம்.
அதனால் மிச்சம் காலையில், புட்டோடு.

மூடி வைக்கப் போனேன்.
முட்டிக்குள் தயிர்
எல்லைக் கல் போட்ட வளவுபோல
நேர்கோட்டில் நிற்கிறது.
என் கைப்பைக்குள் அடிமட்டம்,
எப்படி வந்ததோ.
பின்பக்கம் பேனையால் எழுதியிருக்கிறான்:
கிருஷிகன், தரம் ஒன்பது,
எடுத்தவர் தரவும்.

அடுத்த வெள்ளி கொடுக்கலாம்.
கொடுக்கும்போது தேவைப்படும்தானே,
கழுவித்தான் வைக்கிறேன்.