சேதாரம் கழித்து

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு நிறுப்பவன் நான்.
மில்லிகிராமுக்கு மல்லுக்கட்டுவேன்.
காரை எந்தத் தராசில் வைப்பது?

ஐந்து ரோட்டிலிருந்து அடிவாரம் வரை
நல்ல பிள்ளை.
கிளட்ச் வெண்ணெய். ‘லிட்டருக்கு இருபது’ என்று
சத்தியம் செய்கிறார் இம்தியாஸ்.
பதினேழு என்று மனதில் எழுதிக்கொள்கிறேன்,
எந்த வெள்ளியிலும் கொஞ்சம் செம்பு உண்டு.

கதவைச் சாத்தினால் பிஸ்கட் டின் சத்தம்.
டிக்கியோ, அப்பப்பா,
ஒரு கல்யாணச் சீரையே விழுங்கும்.
அந்த இடத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது
பின்சீட்டில் தெரிந்தது:
கூடைப்பந்து ஆடும் என் மகள் நிறைமதி
கேள்விக்குறிபோல் வளைந்திருந்தாள்.

ஏற்காட்டு மலை.
ஆறாவது கொண்டை ஊசியில் மூன்றாம் கியர் கைவிரித்தது.
ஒன்பதாவதில் இரண்டாம் கியர்.
பதினொன்றில் பின்னால் பஸ்,
முதுகில் கைவைப்பதுபோல் ஹாரன்.
சாந்தாமணி ரோட்டைப் பார்க்கவில்லை,
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
“ஏசியை அணைச்சிருங்க சார்”
குடும்ப ரகசியம் சொல்வதுபோல் இம்தியாஸ்.

அணைத்தேன்.
ஒரு பெருமூச்சு விட்டு ஏறியது.
கண்ணாடிகள் இறங்க, காப்பிப் பூ வாசம்
காசு கேட்காமல் உள்ளே வந்தது.
நிறைமதி தலையை வெளியே நீட்டினாள்.
காலையிலிருந்து மடங்கிக் கிடந்த கழுத்து
ஒருவழியாக நிமிர்ந்தது.
“உள்ளே எடுடி” என்று கத்தினாள் சாந்தாமணி.
மறுபடி கேள்விக்குறி.

ஏரிக்கரையில் நிறுத்தினோம்.
பானெட் மேல் கை வைத்தால் காய்ச்சல்.
“என்ன சார், முடிச்சிரலாமா?”
“சேதாரம் கழிச்சுச் சொல்லுங்க.”
அவர் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
விலை பேசும்போது சிரித்தால்
இரண்டாயிரம் போய்விடும்.