இருபத்து மூன்றும் நாற்பத்தொன்றும்

புளியரை செக்போஸ்ட் டீக்கடையில்
லாரிகள் நகரும்வரை இதே வழக்கு:
எழுபத்தொன்பதில் பீர்மைதீன், இருபத்து மூன்று கோல்.
தொண்ணூற்றாறில் புனலூர் ஜிஜோ, நாற்பத்தொன்று.

“சரளைத் தரை வே. ஆப்சைடு வேற.”
“சாரல்ல கணவாய்க் காத்து முதுகைத் தள்ளுச்சே,
அதைக் கழிச்சீரா?”

இரண்டு கணக்கிலும் நான் இருக்கிறேன்.
முன்னதில் ஒன்பது
என்னைத் தாண்டியவை.
பின்னதில் நாலு.
முப்பத்தொன்பது வயதில், ஆளில்லை என்று
பேடு கட்டி நிறுத்தினார்கள்.

பீர்மைதீன் அடித்தால்
மட்டைச் சத்தம் முந்தி வரும்,
பயப்பட நேரமிருக்கும்.
ஜிஜோ அடித்ததை
முதுகுக்குப் பின்னால்
பலகை சொல்லித்தான் தெரியும்.

என்னை யாரும் கேட்பதில்லை.
கிளாஸை வைத்துவிட்டு எழுகிறேன், மெதுவாக.
சாரல் நாளில் வலிக்கும் இந்த இடது முட்டி
பீர்மைதீன் அடித்தது.

ஜிஜோவின் பந்து ஒன்றுகூட
என்மேல் பட்டதில்லை.