நாற்பத்தேழு

சுங்கை தெமாங் பட்டணத்தில்
சைக்கிள் கடைக்கு மேல்மாடி எங்கள் நூலகம்.
டயர் ஒட்டும் பசைவாடை
எல்லாத் துறை நூல்களிலும் சமமாக உண்டு.

லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்தான் குணாளன்.
கைப்பேசியை நீட்டினான்.
‘பதினேழு இடத்துல போட்டிருக்கு மிஸ்,
தோட்டம் மூடினது எழுபத்து நாலுல.
எழுபத்தஞ்சு தாண்டி வேலை செஞ்சவங்களுக்குத்தான் வீடாம்.’

பதினேழையும் படித்தேன்.
பதினேழிலும் மேனேஜர் பெயரில்
அதே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது.
ஒரே சாட்சி
பதினேழு சட்டை மாற்றி வந்திருக்கிறான்.

எங்கள் கணினியில் ‘கித்தா’ என்று தட்டினேன்.
ஒன்றுமில்லை என்றது.
தலைமையகச் சொற்பட்டியலில்
‘இயற்கை ரப்பர்’ உண்டு, ‘தோட்டத் தொழில்துறை’ உண்டு.
பால் வெட்டிய கை எதுவும் அப்படித் தேடாது.
தோட்டத்துக்கே இரண்டு பெயர்:
துரை வைத்தது பலகையில்,
‘பாம்பு சடக்கு’ வாயில்.
பலகைப் பெயரில்தான் அகப்பட்டது செக்ரோல்,
கறையான் மிச்சம் வைத்த எழுபத்தாறு மார்ச்.

மூடிய தோட்டத்தில்
இருபத்தாறு நாள் யார் பேர் போட்டது?

பேர் என்றேனே, பேரே இல்லை அதில்.
எண்கள்தான்.
கிராணியின் கையெழுத்து அழகு;
அழகான கையெழுத்தை நான் உடனே நம்புவதில்லை.
மழை என்று அரைச் சம்பளம் வெட்டிய இடங்களில் மட்டும்
மை வேறு நிறம்.

மறுநாள் அம்மாவை அழைத்து வந்தான், பூங்காவனம்.
படியேறி மூச்சு வாங்க உட்கார்ந்தவர்
கண்ணாடியை மறந்திருந்தார்.
நானே வாசித்துக்கொண்டு போனேன்.
நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. நாற்பத்தேழு.
‘இருக்கேன்!’ என்றார்,
கீழே டயர் கழற்றுகிறவன் நிமிரும்படி.
பெரட்டுக்கு நின்ற விடியல் இருட்டின் குரல்.
பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இதை எந்த அலமாரியில் வைப்பது?
முத்திரை இல்லை, பக்க எண் இல்லை.

பட்டியலில் இல்லாத சொல்லைச் சேர்க்க
எனக்கு அனுமதி கிடையாது.
சேர்த்தேன்.
கித்தா. பெரட்டு. பாம்பு சடக்கு. 47.
‘ஆதாரம்’ என்ற கட்டத்தில்
செக்ரோல், மார்ச் 1976 என்று எழுதி
அதன் கீழே, சற்று யோசித்து,
‘காதால் கேட்டது’ என்றும் எழுதினேன்.
நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான் குணாளன்.
ஏற்பார்களா, தெரியாது.

பெரிய தேடலில் நாற்பத்தேழு போட்டால்
கோடிக்கணக்கில் கொட்டுகிறது.
எங்கள் மாடியில் ஒன்றே ஒன்று வரும்.
கொஞ்சம் பொறுக்க வேண்டும்,
கணினி பழசு.